நூற்றில் ஐம்பத்தொன்று

786
செஞ்சி
2-3-1964

அன்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, கமருன்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது. உங்கள் அத்தாவும் நானும் சுகம். நீங்களும் நம் பிள்ளை கரீமும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நம் வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. இருந்தவர்கள்: மாமா, உங்கள் அக்கா மெஹபூப் பீ, அக்கா வீட்டுக்காரர், அவலூர்பேட்டையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் (பெயர் சொல்லவில்லை), திரைக்குப் பின்னால் நான், மோர் கொண்டுவந்து முற்றத்தில் நின்ற பக்கத்து வீட்டு மீனம்பாள். ஆக ஆறு பேர். அப்படியொரு பேச்சே நடக்கவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அக்காதான் ஆரம்பித்தார்கள். "என் தம்பி பட்டணத்துல தோல் மண்டியில வெந்து சாவுறான். இங்க இவ முதுகு வலி முதுகு வலின்னு மூணு வருசமா சாக்கு சொல்லிக்கினு இருக்குறா. தொழுகைக்கு மட்டும் எப்படி நெத்தி தரையில படுது? அல்லாவுக்குக் குனியிற முதுகு அடுப்புக்குக் குனியாதா?"

அந்தப் பெரியவர் தன் அண்ணன் மகள் ஜாஹிதா பேகத்தைப் பற்றிச் சொன்னார். இருபத்து நாலு வயது, நல்ல உழைப்பாளி, முதல் நிக்காஹ் முறிந்த பெண்ணாம். உங்களுக்குக் கட்டிவைத்தால் வீடு நடக்கும் என்று பேசினார்கள்.

அப்போதுதான் மாமா வாய் திறந்தார். "தண்ணி எடுக்கறதுக்கா நிக்காஹ்? ஓர் ஆளு வச்சா போதாதா?"

அக்கா சொன்னது: "ஆளுக்குக் கூலி தரணும் அத்தா. கட்டினவளுக்குச் சோறு போதும்."

மீனம்பாள் மோர்ச் செம்பை வைத்துவிட்டுப் போகும்போது என் காதில் சொன்னாள்: "எனுக்கு இடுப்பு வலி வந்தா எங்க வூட்டுக்காரு மாட்டு வைத்தியரத்தான்டீ கூட்டியாருவாரு. உன்னுதுக்குப் பரவால்ல, மனுசாளா தேடுறாங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலிக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

மச்சான், அக்கா கேட்டதற்கு நான் அங்கே பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். கிணற்றுப் படியில் குடத்தோடு விழுந்ததிலிருந்து வலி இருப்பது உங்களுக்குத் தெரியும். வைத்தியர் விநாயகம் குனியாதே என்றார். குனியாமல் ஒரு பெண்பிள்ளை எப்படி வீடு நடத்துவது என்று அவர் சொல்லவில்லை. அதனால் கரீமின் பழைய நோட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குனிகிறேன் என்று மூன்று மாதம் எழுதிவந்தேன். நூறு வரை தாங்குகிறது. நூறைத் தாண்டினால் மறுநாள் எழுந்திருக்க முடிவதில்லை. இருபத்திரண்டு நாள் அப்படி ஆனது, தேதியோடு இருக்கிறது.

கட்டாயத் தொழுகை ஒரு நாளைக்குப் பதினேழு ரக்அத்து. ஒவ்வொன்றிலும் ருகூவுக்கு ஒரு குனிவு, ஸஜ்தாவுக்கு இரண்டு. ஆக ஐம்பத்தொன்று. அதை முதலில் எடுத்துவைத்துவிட்டேன். மிச்சம் நாற்பத்தொன்பது வீட்டுக்கு. அதற்குள் அடங்குவதற்காக அடுப்பைச் செங்கல் அடுக்கி இடுப்பு உயரத்துக்கு ஏற்றினேன். துடைப்பத்தை மூங்கில் கழியில் கட்டி நின்றபடியே பெருக்குகிறேன். பாத்திரம் துலக்குவது மேடைமேல். துணியை நனைத்து மூட்டையாக வைத்து வண்ணாத்தி சின்னப்பொண்ணிடம் கொடுக்கிறேன். தண்ணீர் மீனம்பாள் இறைத்துத் தருகிறாள், அதற்குப் பதில் ரங்கூனிலிருந்து அவள் தம்பி எழுதும் கடிதங்களை நான் படித்துச் சொல்கிறேன். மாமாவுக்கு ஒரு வேளையும் சோறு தப்பவில்லை.

இதுதான் என் கணக்கு. ஜாஹிதா விஷயத்தில் உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

கமருன்னிசா


786
பெரியமேடு, சென்னை
7-3-1964

அன்புள்ள கமருவுக்கு, ஜகபர் அலி துஆ. உன் கடிதம் கிடைத்தது. உன் எழுத்து வரவர அச்சுப்போல் இருக்கிறது. மளிகைப் பொட்டலத் தாளை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டியவள் நீ என்று மண்டியில் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

இங்கே சரக்கு மேல் சரக்கு. எடை போட்டு எடை போட்டு என் கையும் உன் முதுகு மாதிரி ஆகிவிட்டது. கரீம் பரீட்சைக்குப் படிக்கிறான். மூர் மார்க்கெட் பக்கம் ஒரு தைலம் நல்லது என்றார்கள். இரண்டு சீசா பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். தேய்த்த பிறகு தண்ணீரில் கை வைக்காதே.

அக்கா வாய் உனக்குத் தெரியாததா? மனதில் வைத்துக்கொள்ளாதே. இங்கே ஓர் ஆலிமிடம் கேட்டேன். முடியாதவர்கள் உட்கார்ந்து தொழலாம், தலையைத் தாழ்த்தினால் போதும், அல்லாஹ் ஏற்றுக்கொள்வான் என்றார். நீயும் அப்படியே செய். அக்காவுக்கும் பேச்சு இருக்காது, உனக்கும் ஐம்பத்தொன்று மிச்சம். கணக்குப்பிள்ளைக்கு நான் சொல்லவேண்டுமா?

அத்தாவின் இருமலுக்கு வெந்நீர் மட்டும் கொடு. மற்றவை பிறகு.

ஜகபர் அலி


786
செஞ்சி
21-3-1964

மச்சான் அவர்களுக்கு ஸலாம். தைலம் இரண்டு சீசாவும் வந்தது. ஒன்றில் மூடி கழன்று கால் பங்கு சிந்திவிட்டது. வாசனை நன்றாக இருக்கிறது.

உங்கள் கடிதம் பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மறுநாள் விடியற்காலை சுபுஹிலிருந்து நீங்கள் சொன்னபடி உட்கார்ந்து தொழுகிறேன். மீனம்பாள் வீட்டு முக்காலி. முதல் நாள் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. அல்லாஹ் கருணையாளன், குறை அவனிடத்தில் இல்லை. ஆலிம் சொன்னதும் சரியாகத்தான் இருக்கும்.

மிச்சமான ஐம்பத்தொன்றுக்கு என்ன ஆனது என்றும் எழுதவேண்டும். முதல் நான்கு நாள் உடம்பு இலேசாக இருந்தது. ஐந்தாம் நாள் அக்கா வீட்டிலிருந்து மிளகாயும் மல்லியும் இடிக்க வந்தது. "முக்காலி போட்டு சொகமாத் தொழுவுறே, இத்த இடிச்சிக் குடுக்க இன்னா?" என்றார்கள். அதற்கு முப்பது. பிறகு பச்சரிசி வந்தது. அதற்கு இருபத்தைந்து. பதினெட்டாம் தேதி நோட்டில் நூற்று நான்கு எழுதியிருக்கிறேன். பத்தொன்பதாம் தேதி பாயை விட்டு எழவில்லை. மாமாதான் கஞ்சி வைத்துக் கொடுத்தார். கஞ்சி அடிப்பிடித்திருந்தது. நன்றாயிருக்கிறது என்று சொன்னேன்.

அன்று சாயங்காலம் அக்கா வந்தார்கள். கையில் ஒரு கடிதம். எனக்கு வாசிக்கத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. "உன் மச்சான் எழுதினதுதான். பள்ளிக்கூடத்து வாத்தியாரு ஒருவாட்டி படிச்சிச் சொன்னாரு. அத்தாவும் கேக்கட்டும், நீயே படி" என்று என் கையில் கொடுத்தார்கள். இருந்தவர்கள் மாமா, அக்கா, நான். மூன்று பேர்.

நான் படுத்தபடியே படித்தேன். நடுவில் நிறுத்தவில்லை. நீங்கள் எழுதியிருந்தது: "கமரு இப்போது உட்கார்ந்துதான் தொழுகிறாள். தொழுகைக்கே முடியாதவள் வீட்டைப் பார்க்க முடியாது என்று ஜமாஅத்தில் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். ஜாஹிதா விஷயத்தை உங்கள் விருப்பப்படி முடியுங்கள்."

மேலே தேதி 7-3-1964. எனக்கு எழுதிய அதே தேதி, அதே ஊதா மை. அன்றைக்கு நான் நின்றுதான் தொழுதேன் மச்சான். அதற்குப் பிறகு மூன்று நாளும் நின்று தொழுதேன். நான் உட்காரும் முன்பே உட்கார்ந்துவிட்டதாக எழுதிவிட்டீர்கள்.

அக்கா மாமாவைப் பார்த்து, "கேட்டுக்கினீங்களா அத்தா? குனிஞ்சித் தொழுதா சாக்கு சொல்றான்னு சொன்னேன். இப்ப உக்காந்து தொழுவுறா. நெசமாவே ஒண்ணுக்கும் ஆவமாட்டா" என்றார்கள். நின்றாலும் குற்றம், உட்கார்ந்தாலும் குற்றம். மாமா கடிதத்தை வாங்கி மடித்து அக்காவிடம் கொடுத்தார். "தொழுகைக்கு நேரமாச்சு" என்று எழுந்து பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபமா என்று நீங்கள் யோசிக்கலாம். கோபம் வந்தால் எழுதியிருப்பேன். மரத்துப்போன காலைத் தட்டிப் பார்ப்பதுபோல் அந்தக் கடிதத்தை இரண்டு நாளாக நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

அந்தக் கடிதம் பற்றி எழுதுங்கள்.

கமருன்னிசா


786
பெரியமேடு, சென்னை
30-3-1964

கமருவுக்கு துஆ. அக்கா அந்தக் கடிதத்தை உன்னிடம் காட்டியிருக்க வேண்டியதில்லை. எப்படியும் நான் சொன்னால் நீ கேட்பாய் என்று தெரிந்துதான் முன்கூட்டி எழுதினேன். வித்தியாசம் நான்கு நாள்தானே? இதைப் பெரிதுபடுத்தாதே.

உன்னை யாரும் தள்ளிவைக்கவில்லை. நீதான் மூத்தவள். சாவிக்கொத்து உன்னிடம்தான் இருக்கும். அவள் வந்தால் உனக்குத்தான் ஓய்வு. உன் முதுகை நினைத்துத்தான் நானும் சம்மதித்தேன்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். உனக்கு முழுச் சம்மதம் என்று நான்கு வரி நானே எழுதிவிட்டேன். கீழே கையெழுத்துப் போட்டு அக்காவிடம் கொடு. ஜமாஅத்தில் பார்க்கவேண்டுமாம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வருகிறேன். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

கரீமிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் எழுதாதே.

ஜகபர் அலி


786
செஞ்சி
8-4-1964

மச்சான் அவர்களுக்கு ஸலாம். மாமா சுகம். இருமல் குறைந்திருக்கிறது.

நீங்கள் அனுப்பிய தாள் கிடைத்தது. நல்ல கனமான தாள். கையெழுத்துப் போடவில்லை. வீணாக்க மனமில்லாமல் அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். திருப்பினால் உங்கள் நான்கு வரியும் அப்படியே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஜாஹிதாவை வீடு பார்க்க அழைத்துவந்தார்கள். அக்கா மாமாவோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவள் சமையல்கட்டுக்கு வந்தாள். உயர்த்திய அடுப்பைப் பார்த்தாள். கழி கட்டிய துடைப்பத்தை எடுத்து, "இது எதுக்குக்கா?" என்றாள். சொன்னேன். நான்கு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதே, எங்க அம்மாவுக்கும் ஒண்ணு கட்டித் தரணும்" என்று சிரித்தாள். கெட்டிக்காரப் பெண். அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. போகும்போது மெதுவாக, "அவருக்கு என்ன கொழம்பு புடிக்கும்கா?" என்று கேட்டாள். சொன்னேன். புளி குறைவாக விடவேண்டும் என்பதையும் சொன்னேன்.

அன்று சாயங்காலம் முக்காலியை மீனம்பாளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "ஏன்டீ, நல்லாயிட்டியா?" என்றாள். இல்லை என்றேன். வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை சுபுஹிலிருந்து நின்று தொழுகிறேன். முன்போலவே ஐம்பத்தொன்று அல்லாஹ்வுக்கு, நாற்பத்தொன்பது வீட்டுக்கு. அக்கா வீட்டிலிருந்து வந்த கோதுமையை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். அக்கா வந்து கத்தினார்கள். மாமா, "அவ முடியலன்னா முடியலதான். உன் வூட்டு வேலய நீ பாரு மெஹபூபு" என்று சொல்லிவிட்டார். மாமா அக்காவைப் பெயர் சொல்லி அதட்டி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

ஒன்று சொல்லவேண்டும். நேற்று இரவு இஷாத் தொழுகையில் கடைசி ஸஜ்தாவில் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நெற்றி பாயிலேயே இருந்தது. ரொம்ப நேரம். வலி விடட்டும் என்று அப்படியே இருந்தேன். அந்த நேரத்தில் எல்லாருக்கும் துஆ கேட்டேன். கரீமின் பரீட்சைக்கு, மாமாவின் இருமலுக்கு, மீனம்பாள் தம்பிக்கு, அந்த ஜாஹிதாவுக்கும் கேட்டேன். பதினான்கு வருஷமாக முதலில் கேட்பது உங்களுக்குத்தான். நேற்று உங்கள் பெயரில் வந்து நின்றுவிட்டது. நாக்கு மேலே போகவில்லை. பிறகு கையை ஊன்றி எழுந்து ஸலாம் கொடுத்து முடித்தேன்.

இப்போது பெருநாள் விஷயம். இருபத்து மூன்றாம் தேதி பெருநாள் வரும் என்று மாமா சொல்கிறார். நீங்களும் கரீமும் என்றால் இரண்டு பேர். நாற்பத்தொன்பதுக்குள் பிரியாணி வைத்துவிடுவேன், ஊறப்போடுவதை முதல் நாளே பார்த்துக்கொள்வேன். மூன்று பேர் என்றால் பனமலையில் இருக்கும் என் அண்ணனுக்கு முன்னதாக எழுதவேண்டும். பஸ்ஸில் குலுங்கினால் முதுகு தாங்காது. வைக்கோல் பரப்பிய வண்டி அனுப்பினால் படுத்துக்கொண்டே போய்விடலாம். அண்ணனுக்கு வண்டி ஏற்பாடு செய்ய ஒரு வாரமாவது வேண்டும். மாமா தானும் வருவதாகச் சொல்கிறார். சாவிக்கொத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவைப்பேன்.

கரீமிடம் நான் ஒன்றும் எழுதவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு பேரா, மூன்று பேரா என்று ஒரு கார்டு போட்டால் போதும். சீக்கிரம் பதில் எழுதவும்.

கமருன்னிசா