இடது தோளுக்கு மேல்

சேசு மரி சூசை

திண்டிவனம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் எனக்கு நடமாட்டத்துக்கு ஒரு குறைவும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை மரியாவும் நலமாக இருக்க வேண்டும் என்பதை இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை, காரணத்தோடு எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். போன ஞாயிறு விழுப்புரத்தில் உன் அத்தை மகள் புனிதா வீட்டு டிவியில் மாப்பிள்ளையின் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான் பாதியில் எழுந்து பஸ் ஏறி வந்துவிட்டேன் என்பது உண்மை. மாப்பிள்ளை பந்தைப் பறிகொடுத்ததில் நான்கு பேர் முன்னால் மானம் போனதென்று எழுந்து போனேன் என்பது பொய். "அத்தைக்குக் கவுரவம் ஜாஸ்தி, மாப்ள ஜெயிச்சா சோபாவுல, தோத்தா பஸ்ஸ்டாண்டுல" என்று புனிதா உறவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், உனக்கும் போன் செய்து சொல்லியிருப்பாள், நீயும் சிரித்திருப்பாய். தோல்விக்கு எழுந்து போகிறவள் என்றால் அவர் சென்னை அணிக்கு ஆடிய காலத்திலேயே பாதி ஆட்டங்களுக்கு எழுந்து போயிருக்க வேண்டும். நான் எழுந்தது வேறு ஒன்றைப் பார்த்ததால். அதை அத்தனை பேர் நடுவில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை மத்தேயு இங்கே வந்திருந்தபோது, இத்தனை பேர் ஓடுகிற ஆட்டத்தில் உங்கள் வேலைதான் என்ன என்று நான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? முறத்தில் இருந்த மல்லாட்டைக் கடலையை எடுத்துத் தரையில் பதினொன்று இந்தப் பக்கம், பதினொன்று அந்தப் பக்கம் என்று பரப்பி, நடுவில் ஒன்றைத் தொட்டு, இதுதான் அத்தை நான் என்றார். நடுக்களத்தில் நிற்பவன் பந்து தன்னிடம் வந்த பிறகு யோசித்தால் தாமதம், வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கு மேலும் திரும்பி யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும், எனக்கு ஓட்டம் கிடையாது, உயரம் கிடையாது, இந்தத் திரும்பிப் பார்த்தல் ஒன்றுதான் என் சோறு என்றார். விழுப்புரம் நாலுமுனை ரோட்டைக் கடப்பதும் அதேதான் என்று புனிதாவின் வீட்டுக்காரர் சொல்ல அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று முதல் நான் பந்தைப் பார்ப்பதில்லை, அவர் கழுத்தைத்தான் பார்ப்பேன். வலது, இடது, வலது, பிறகு பந்து. எங்கள் கன்னியர் மடத்துப் பள்ளியில் ஜெபமாலை உருட்டிய ஒழுங்கு அதில் இருந்தது.

ஜனவரியில் எதிரணிக்காரன் தலையோடு தலை மோதி அவர் விழுந்தாரே, அதற்குப் பிறகு அந்தக் கழுத்து இடது பக்கம் பழையபடி திரும்பவில்லை. முன்பு கண் போய்த் திரும்பும். இப்போது தலை முழுவதும், தோளோடு சேர்ந்து, கதவைத் திறப்பது போலத் திரும்புகிறது. ஞாயிறன்று இடது பக்கத்திலிருந்து ஒரு பையன் ஓடிவந்து காலடியிலிருந்து பந்தை எடுத்துப் போனான், ஊரே பார்த்தது, அவர் பார்க்கவில்லை. சோர்வு என்று டிவியில் சொன்னார்களாம். சோர்வாக இருப்பவன் இரண்டு பக்கமும் சோர்வாக இருப்பான்.

வீட்டுக்கு வந்த பிறகு, அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நீ வீடியோவில் பேசியதை நினைத்துப் பார்த்தேன். மரியா இடது பக்கமாக வந்து கையைத் தொட்டதும் அவர் திடுக்கிட்டார். நீ வைத்த காபி இடது கையருகே ஆறிக்கொண்டே இருந்தது, கடைசியில் நீதான் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை வலது பக்கம் நகர்த்தினாய். நீ நகர்த்தியதால்தான் கேட்கிறேன். வீரர்களின் தசையையும் நரம்பையும் பார்ப்பதே உன் படிப்பு, உன் தொழில். உனக்குத் தெரியாமல் இருக்காது.

இப்போது உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. உன் அப்பா நீ ஐந்தாவது படிக்கும்போது பஸ் ஓட்டுவதை நிறுத்தியது இடுப்பு வலியால் என்று உனக்குச் சொன்னோம். இடுப்புக்கு ஒன்றும் இல்லை. கூட்டேரிப்பட்டில் வண்டியின் இடது பக்கம் ஒரு அம்மாளின் மல்லாட்டைக் கூடையை இடித்துச் சாய்த்துவிட்டது. கண்டக்டர் முருகையன் வீட்டுக்கே வந்து, "அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லம்மா, பாத்துதான் ஓட்டிக்கினு வந்தாரு, அந்தம்மாதான் குறுக்க வந்துச்சி" என்று சத்தியம் செய்தார். அன்று இலையில் இடது ஓரம் வைத்த ஊறுகாயும் பொரியலும் தொடாமல் இருந்தன, மறுநாளும் இருந்தன. நான் இலையைத் திருப்பி வைத்தேன், சாப்பிட்டார். அடுத்த நாள் காலை டிப்போவுக்குப் போய் மேனேஜரிடம் இவரைக் கண் டாக்டரிடம் அனுப்புங்கள், அதுவரை வண்டி கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். கண்ணில் அழுத்தம், இடது கண் ஏறக்குறையப் போய்விட்டது, சொட்டு மருந்து போட்டால் மற்றது தப்பும் என்றார்கள். ஸ்டியரிங் பிடித்த மனிதரை டைம்கீப்பர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தவக்காலம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. உயிர்ப்பு ஞாயிறு காலையில்தான் "காப்பில சக்கர கம்மி" என்றார், நான் இன்னொரு ஸ்பூன் போட்டேன், அவ்வளவுதான் எங்கள் சமாதானம். ஆனால் அவர் சாகும்வரை ஒன்றைச் சொன்னார், "நீ டிப்போவுக்குப் போனது சரிதான் சவுரி, மொதல்ல என்னாண்ட சொல்லியிருக்கலாம்." உன் கல்யாணத்தன்று உன்னைக் கைப்பிடித்துப் பீடம் வரை தடுமாறாமல் அழைத்துப் போனது அந்த மிச்சக் கண்.

அதனால்தான் இந்த முறை முதலில் உன்னிடம் சொல்கிறேன். வரும் ஞாயிறு ஆட்டத்தில் ஜெயித்தால் மேல் பிரிவுக்குப் போவீர்கள், முப்பத்து நான்கு வயதில் அவருக்கு இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம் கிடைக்கும் என்று நீ சொன்னாய். கடல் கடந்த அந்த ஊரில் மத்தி மீன் டப்பா அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்த தகப்பனின் பிள்ளை, சிறு வயதிலேயே கிளப் விடுதிக்குப் போனவர், பெரிய கிளப் உனக்கு உயரம் போதாது என்று திருப்பி அனுப்பியும் ஊர் ஊராகப் போய் ஆடியவர், பிழைப்புக்காகச் சென்னை வரை வந்தவர், அவருக்கு இந்த ஞாயிறு என்னவென்று எனக்குத் தெரியாதா? பந்து உதைக்கிறவனுக்கா பெண் கொடுக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவள் நான். ஆனாலும் பார்க்காத பக்கத்திலிருந்து இன்னொரு தலை வந்து மோதினால் நீயும் மரியாவும் என்ன செய்வீர்கள்? மேல் பிரிவில் ஓடிவருகிறவர்கள் இன்னும் வேகமாக வருவார்கள்.

இதைப் போனில் கேட்டால் நீ "ஒண்ணுமில்லம்மா" என்பாய். ஸ்பீக்கரில் அவர் "இன்னா அத்தை, சாப்டுக்கினு கீறீங்களா" என்பார், எனக்கும் சிரிப்பு வந்துவிடும். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, அதற்காகவே எழுதினேன். பக்கங்களை நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன், ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் சொல்.

உங்கள் கிளப் விலாசம் அவர் எனக்குக் கொடுத்த சட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கிறது, என் ஆங்கிலக் கையெழுத்து இன்னும் கோணவில்லை. கிளப்புக்கு நானே கடிதம் எழுதும்படி வைக்காதே. அவரே போய்த் தன் டாக்டரிடம் சொல்லட்டும், அதுதான் மரியாதை.

மரியாவுக்கு என் முத்தம், வெயில் வந்துவிட்டதென்று அவள் காதை மூடாமல் வெளியே விடாதே. புனிதாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. அன்னை மரியாள் உங்கள் மூவரையும் காக்கட்டும், என் ஆசீர்வாதம் உங்கள் மேல் எப்போதும் இருக்கிறது.

இன்று இரவே அவரை எதிரில் உட்கார வைத்து, உன் மூக்கையே பார்க்கச் சொல்லி, அவருக்கு இடது பக்கத்திலிருந்து உன் விரலை மெல்லக் கொண்டு வா. விரல் எங்கே வந்தபோது அவருக்குத் தெரிந்தது என்று எனக்கு எழுது. போன் வேண்டாம், உன் கையால் எழுது.

உன் அம்மா,
ம. சவுரியம்மாள்