அடுத்தவன் தாளில் ஐந்து குண்டு

ஹால்வர் ஏரி, விஸ்கான்சின்
டிசம்பர் 3

அன்பு மகள் லின்னியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, இடது முழங்கால் மட்டும் பனி விழுவதற்கு முந்தின நாளே செய்தி சொல்லிவிடுகிறது. நீயும் மாப்பிள்ளை ரோரியும் என் பேரன் ஃபின்னும் அபர்டீனில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், ஏனென்றால் நாம் பேசி மூன்றரை வாரம் ஆகிறது, போனை வைத்தவன் நான். அதற்குப் பிறகு நீ இரண்டு முறை கூப்பிட்டாய், மணி அடிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எடுத்திருந்தால் மறுபடியும் ஏதாவது சுருக்கென்று சொல்லியிருப்பேன். கடிதம் என்றால் எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்துப்போடலாம். மூன்று தாள் கிழித்தாகிவிட்டது, இது நான்காவது.

அன்று நீ சொன்னது இதுதான், கிறிஸ்துமஸுக்கு வருகிறோம், ஆனால் உங்கள் வீட்டில் தங்கவில்லை, நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் அறை எடுத்துக்கொள்கிறோம், வீட்டில் இப்போது துப்பாக்கி இருக்கிறது என்றாய். இதை உன் அம்மா சொல்லிக்கொடுத்தாளா என்று நான் கேட்டேன். அம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லப்பா, ஃபின்னுக்கு மூணு வயசு, எதைத் திறக்கக் கூடாதோ அதைத்தான் முதல்ல திறக்கறான் என்றாய். பிறகு கொஞ்சம் நிறுத்தி, ஃபின்னுக்காக மட்டும் இல்லப்பா என்றாய். அந்த இடத்தில்தான் நான் போனை வைத்தேன். முதலில் சொன்னது எனக்குக் கோபம், இரண்டாவது சொன்னது கோபமில்லை, வேறு ஏதோ. அது என்னவென்று தெரிந்துகொள்ள இத்தனை நாள் ஆயிற்று. இரண்டுக்கும் இந்தக் கடிதத்தில் பதில் சொல்கிறேன், கொஞ்சம் சுற்றி வருவேன், பொறுத்துக்கொள்.

இது எப்படி ஆரம்பித்தது என்று நான் உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. உன் தாத்தா பாதிரியார், வீட்டில் துப்பாக்கி வைத்ததில்லை. மான் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை ஊரே ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போகும், அவரும் நானும் ஆளில்லாத தெருவில் இலை பெருக்கிக்கொண்டிருப்போம். அதற்காக உன் மாமா டுவேன் என்னைப் பத்தொன்பது வருடம் கேலி செய்தான், புரொபசர், துடைப்பத்துக்கு லைசென்ஸ் எடுத்தாச்சா என்பான். போன ஜனவரியில் கல்லூரியில் வரலாற்றுத் துறையை மூடினார்கள். இருபத்து மூன்று வருடம் வேலை பார்த்தவனிடம் டீன் கை குலுக்கிவிட்டு, குலுக்கிய கையை அப்படியே நீட்டி அறைச் சாவியைக் கேட்டான். அந்தக் கையை நான் மறக்கப் போவதில்லை. பிப்ரவரி முழுக்க மத்தியானம் வரை படுக்கையில் கிடந்தேன், தபால் எடுக்கப் போவது ஒன்றுதான் வெளி வேலை. தபால் ஆபீஸில் இருக்கும் லோர்னாவை உனக்கு நினைவிருக்கும், பள்ளியில் உனக்கு இரண்டு வகுப்பு மேலே. அவள்தான் ஒருநாள், சார், இப்படியே போனா உங்களுக்கு நீங்களே லெட்டர் போட்டுக்க ஆரம்பிச்சிடுவீங்க, செவ்வாய்க்கிழமை துப்பாக்கி கிளப்புக்கு வாங்க, என்னோடதத் தரேன், சும்மா சுட்டுப் பாருங்க என்றாள். அவள் அங்கே சுடுதளத்துக்குப் பொறுப்பாளர், எனக்கு அதுவரை தெரியாது. கிளப்பின் நிலவறையில் சுடுவதற்கு ஆறு வரிசை, ஆளுக்கொரு பாய், குப்புறப் படுத்து, மூச்சைப் பாதி விட்டு, நிறுத்தி, விரலை மெல்ல அழுத்த வேண்டும். அந்த நான்கு வினாடியில் டீன் இல்லை, உன் அம்மாவின் வக்கீல் இல்லை, எனக்கு அநியாயம் செய்த ஒருவரும் இல்லை. தாளும் கறுப்பு வட்டமும்தான். மற்ற ஆறு நாட்களும் அந்த ஒரு செவ்வாய்க்கிழமையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன்.

சம்பளமில்லாதவன் துப்பாக்கி சேர்ப்பதாவது என்று நீ நினைக்கலாம். லோர்னாவுக்கு ஒரே சட்டம், எத்தனை வாங்கினாலும் எல்லாம் ஒரே ரகக் குண்டைத் தின்ன வேண்டும், இருப்பதிலேயே மலிவான இருபத்திரண்டு ரகம், மிச்சக் காசைக் குண்டுக்கும் பயிற்சிக்கும் போட வேண்டும். முதலில் வாங்கியது யாரோ வீட்டுக் கராஜில் போட்ட பழஞ்சாமான் விற்பனையில் கிடைத்த பழைய ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி, கட்டையெல்லாம் கீறல், ஆனால் நேராகச் சுடும். இரண்டாவதில் படித்தவன் புத்தியைக் காட்டினேன். ஐரோப்பாவில் ஏதோ ஒரு ராணுவம் எண்பது வருடத்துக்கு முன் கழித்துக்கட்டிய துப்பாக்கி, வரலாறு தெரிந்தவனாயிற்றே, மலிவு என்றதும் தடவிப் பார்த்து வாங்கிவிட்டேன். அதன் குண்டு ஒன்றின் விலையில் இருபத்திரண்டு ரகம் ஒரு கைப்பிடி வரும். இருபது குண்டு சுட்டதும் தோளில் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது. யானையை மலிவா வாங்கிட்டு வந்துட்டீங்க சார், இனி தீனி போடுங்க என்று லோர்னா சிரித்த சிரிப்பில் ஆறு பாயும் எழுந்து உட்கார்ந்தது. அதை ஒரு பல் டாக்டரிடம் விற்றுவிட்டு, கிளப் கழித்துப்போட்ட கனத்த குறிசுடு துப்பாக்கி ஒன்றும், பழைய ரிவால்வர் ஒன்றும் வாங்கினேன், இரண்டும் இருபத்திரண்டுதான். ஆக மொத்தம் மூன்று. இதுதான் நீ பயந்த ஆயுதக் கிடங்கு.

இப்போது டுவேன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் மேல் எனக்கு என்ன கோபம் என்று உனக்குத் தெரியும், முழுதாகத் தெரியாது. உன் அம்மா வீட்டை விட்டுப் போன அன்று அவள் சாமான்களை எடுக்க அவன்தான் நீல பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பத்தொன்பது வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரே மேசையில் வறுத்த மீன் சாப்பிட்டவன், ஏரியில் பனி மேல் வைக்கிற மீன்பிடிக் குடிலை என்னோடு சேர்ந்து ஆணி அடித்தவன், அன்று மூன்று நடை ஏற்றினான், ஒரு வார்த்தை பேசவில்லை, என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு ஆறு வருடம், மளிகைக் கடையில் அவன் சீஸ் பக்கம் நின்றால் நான் ரொட்டிப் பக்கம் போய்விடுவேன். இந்த நவம்பரில் பக்கத்து ஊர் கிளப் மூடியதால் அவன் எங்கள் கிளப்புக்கு வந்துவிட்டான். என் மூன்று துப்பாக்கியும் சேர்ந்தாலும் அவன் துப்பாக்கி மேல் மாட்டியிருக்கும் தொலைநோக்கி ஒன்றின் விலை வராது. நான் நான்காவது பாய், அவன் ஐந்தாவது. நீயும் நானும் பேசாமல் ஒன்பது நாள் ஆகியிருந்த செவ்வாய் அது. படுத்தபடி அவன் பூட்ஸைப் பார்த்தேன், உன் அம்மாவின் அலமாரியைத் தூக்கிப் போன அதே பூட்ஸ் என்று தோன்றியது. அந்த எரிச்சலோடு ஐந்து குண்டு சுட்டேன், அத்தனை அருமையாக நான் சுட்டதே இல்லை. எல்லாரும் துப்பாக்கியைத் திறந்து, காலி என்று காட்டும் ஆரஞ்சுக் கொடியைச் செருகிய பிறகு தாளை எடுக்கப் போனோம். என் தாள் கடையில் வாங்கியபடியே இருந்தது. டுவேன் தாளில் ஐந்துக்குப் பத்து ஓட்டை.

யாரோ, டுவேன், உன் துப்பாக்கி குட்டி போட்டுடுச்சா என்றார்கள். லோர்னா யாருடையது என்று கேட்கவில்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அங்கே வழக்கம் அப்படி, அடுத்தவன் தாளில் சுட்டவன் தானாகக் கை தூக்க வேண்டும், தூக்கும் வரை அடுத்த சுற்று கிடையாது. தூக்கியவன், தாளின் சொந்தக்காரனை எதிர்க் கடைக்குக் கூட்டிப்போய் பை என்கிற பழ அப்பம் ஒரு துண்டு வாங்கிக் கொடுத்து, அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். நான் கை தூக்கினேன் லின்னியா. உன் தாத்தாவின் பிரசங்க மேடை ஏறியிருந்தால்கூட அத்தனை கண்கள் என்னைப் பார்த்திருக்காது.

டுவேன் செர்ரி பை கேட்டான், ஐஸ்கிரீமோடு. ஒவ்வொரு பழமாக எடுத்து மென்றான், வேண்டுமென்றேதான். பாதி முடித்த பிறகு, புரொபசர், உன் வாழ்க்கையிலேயே நல்லா சுட்ட அஞ்சும் என் பேர்ல போயிடுச்சு பாத்தியா, அந்தத் தாளை ஃபிரிட்ஜ்ல ஒட்டப் போறேன் என்றான். அடுத்த பழத்தை மென்றுகொண்டே, லின்னியா கிறிஸ்துமஸுக்கு வர்றாளா என்றான். வருகிறாள், மோட்டலில் தங்குகிறாள் என்று சொல்லிக் காரணமும் சொன்னேன், மூன்றும் வீட்டில் தகரப் பெட்டியில் பூட்டித்தான் கிடக்கின்றன என்றும் சொன்னேன். எனக்குப் பரிந்து பேசுவான், அல்லது துப்பாக்கிக்குப் பரிந்தாவது பேசுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கரண்டியை நக்கிவிட்டு, பொண்ணு சரியாத்தான் சொல்லியிருக்கா, என் பேரப்பசங்க வந்தா என்னோடது எல்லாமே கீழே பெரிய பெட்டகத்துலதான், நம்பர் எனக்கும் வீட்டுக்காரி ஜோனிக்கும் மட்டும்தான் தெரியும், உன்னோட அந்தத் தகரப் பொட்டிய ஸ்க்ரூடிரைவர் வெச்சே திறந்துடலாம் என்றான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னான், அன்னிக்கு வாயைத் திறந்திருந்தா நான் அழுதிருப்பேன்யா, அவ என் தங்கச்சி, வண்டி என்கிட்டதான் இருந்துச்சு, வேற என்ன பண்ணச் சொல்ற. இன்னொரு துண்டு வாங்கிக்கொள் என்றேன். 

அவனை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். ஆறு வருடம் பேச வாய் வராதவனுக்கு ஒரு செர்ரி பையில் வந்துவிட்டதாக்கும் என்று வீடு வரும் வழியெல்லாம் முணுமுணுத்தேன். ஆனால் நீ நிறுத்தி நிறுத்திச் சொன்ன அந்த இரண்டாவது வாக்கியம் கூடவே வந்தது. உனக்கு என்னைப் பற்றித்தான் பயம். தனியாக, கசந்துபோய், வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் அப்பா, பக்கத்து அறையில் துப்பாக்கி. பிப்ரவரியில் நான் எப்படி இருந்தேன் என்று நான் சொல்லாமலே உனக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது அப்படி இல்லை, மகளே. ஆனால் இன்னொரு பிப்ரவரி வராது என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது, நீயும் அதை நம்பிக் கடலுக்கு அந்தப் பக்கம் தூங்க முடியாது.

அதனால் மான் வேட்டை முடிந்த ஞாயிற்றுக்கிழமை டுவேன் வீட்டுக்கு நடந்து போனேன். கராஜ் உத்தரத்தில் மான் தொங்கிக்கொண்டிருந்தது, அவன் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். மூன்று முறை தொண்டையைக் கனைத்துவிட்டு, என்னோடதையும் உன் பெட்டகத்துல வெச்சுக்கறியா என்று கேட்டேன். எத்தனை நாளைக்கு என்றான். அவங்க திரும்பிப் போற வரைக்கும் என்றேன். உடனே, இல்ல, அப்புறமும் அங்கேயே இருக்கட்டும், செவ்வாய்க்கிழமை நீ கொண்டுவா, சுட்டு முடிச்சதும் நீயே எடுத்துட்டுப் போ, நம்பரை என்கிட்ட சொல்லாதே என்றேன். கத்தி தீட்டுவதை நிறுத்தி என்னைப் பார்த்தான். ஒரு கேலியும் செய்யவில்லை. சரி, மச்சான் என்றான், அவ்வளவுதான். நேற்று முன்தினம் வந்து எடுத்துக்கொண்டு போனான். அதே நீல பிக்கப், அதே இடத்தில் நிறுத்தினான். ஆனால் இந்த முறை அவன் வாய் ஓயவே இல்லை, தன் வீட்டுச் சாக்கடைத் தொட்டி பழுதானதை ஆரம்பம் முதல் கடைசி வரை சொன்னான். கேட்டுக்கொண்டே நானும் ஒரு பக்கம் பிடித்து ஏற்றினேன். குண்டுகள் கிளப் லாக்கரில் இருக்கின்றன. என் தகரப் பெட்டியில் இப்போது ஃபின்னுக்கு வாங்கிய போர்வையும், நீ சின்ன வயதில் விளையாடிய மரக் கட்டைகளும், டுவேன் மனைவி ஜோனி கொடுத்துவிட்ட பனிச்சட்டையும் இருக்கின்றன. பூட்டவில்லை. ஃபின் திறக்கட்டும்.

உன் அறையில் ஜன்னல் இடுக்கை அடைத்துவிட்டேன், இரண்டு மெத்தை போட்டாயிற்று. இத்தனைக்குப் பிறகும் மோட்டல்தான் சௌகரியம் என்று உனக்குத் தோன்றினால் மோட்டலிலேயே தங்கு, நான் வாய் திறக்கமாட்டேன், சாப்பாட்டுக்கு மட்டும் வா. உன் அம்மாவையும் பார்த்துவிட்டு வா, அதற்கும் வாய் திறக்கமாட்டேன், முயற்சியாவது செய்கிறேன். ரோரியிடம் குளிரைப் பற்றிச் சொல்லி வை, ஸ்காட்லாந்துக் குளிர் தெரிந்தவன் என்று போன முறை மெல்லிய காலுறையோடு வந்து நின்றான். ஃபின்னுக்குக் காலணி ஒரு அளவு பெரிதாக வாங்கு, உள்ளே இரட்டைக் காலுறை போடலாம். தேதி நிச்சயமானதும் கூப்பிடு, இந்த முறை முதல் மணியிலேயே எடுப்பேன்.

உறைக்குள் சின்னதாக ஏதோ கனக்கிறதே என்று பார்த்திருப்பாய். அது தகரப் பெட்டியின் சாவி அல்ல, வாசல் சாவி. உன் அம்மா வீட்டை விட்டுப் போன அந்த வாரமே நான் கோபத்தில் பூட்டை மாற்றினேன். மாற்றியது அவளுக்காக, வெளியே நின்றது நீ. நீ பிறந்து வளர்ந்த வீட்டிலேயே ஆறு வருடமாக மணி அடித்துவிட்டுக் காத்திருக்கிறாய், ஒருநாளும் சாவி கேட்டதில்லை, நானும் கொடுத்ததில்லை. இனிமேல் மணி அடிக்காதே.

மூன்று பேரும் குளிர் படாமல், கவலை படாமல் நன்றாக இருங்கள். என் கண்ணுக்குக் கண்ணான ஃபின்னுக்கு என் முத்தம்.

உன் வரவுக்கு விளக்குப் போட்டு வைத்திருக்கும்
அப்பா
ஹார்லன்