சூளைக்கு முன்னால் ஒரு ஸ்டூல்

ஜூன் 2

மாண்புமிகு அக்கா அவர்களின் மேலான கவனத்திற்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: நமது சமூகக் கூடத்துக் கண்ணாடிப் பட்டறையில், மின்சாரச் சூளைக்கு எதிரே நெடுங்காலமாக இடத்தை அடைத்துக்கொண்டிருந்த உயரமான ஸ்டூல், தற்காலிக ஆசிரியராகிய என் ஆணைப்படி மூலைக்குத் தள்ளப்பட்டது. இப்போது அதன்மேல் தண்ணீர்க் குடம் வீற்றிருக்கிறது.

முறைக்காதே. வெளியூர்ப் பயிற்சிக்குக் கிளம்பும்போது, "மூணு மாசம் பிள்ளைங்களைப் பார்த்துக்கோடா" என்றாய். பார்த்துக்கொள்கிறேன். சூளை ஆறும்வரை நீ அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கதையளப்பாயே, அந்த நேரத்தில் ஆளுக்கு இரண்டு கண்ணாடி வெட்டலாம். நிர்வாகம் என்றால் இது!

நம் வாண்டு குண்டூசி இப்போது கண்ணாடியை நன்றாகக் கீறுகிறான். கண்ணாடி நேராகத்தான் உடைகிறது, துருத்திய நாக்குதான் கோணல். ஏன்பாப்பா எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்றபடியே பச்சைத் துண்டுகளை அடுக்கி ஓர் ஆமை செய்திருக்கிறாள். வருகிற சனிக்கிழமை எல்லாமே சூளைக்குப் போகிறது. கூடத்துப் பொறுப்பாளர் மாமா காலையிலேயே சூட்டைப் போட்டுவிடுவார். மற்றதெல்லாம் என் கையில்.

போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

இப்படிக்கு,
ஆசிரியர் (தற்காலிகம்), தம்பி (நிரந்தரம்)

பி.கு.: நான் உன்னைவிட ஒரு விரல்கடை உயரமாகிவிட்டேன்.

ஜூன் 7

என் வாலுப் பையனுக்கு,

ஸ்டூலை எடுத்துவிட்டாயா? சரி, உன் ராஜ்யம். ஆனால் சூளை நன்றாக ஆறும்வரை மூடியில் யார் கையும் படக்கூடாது. பிள்ளைகளைச் சொல்லவில்லை, உன் கையைத்தான் சொல்கிறேன்.

ஏன்பாப்பாவின் ஆமை எப்படி வந்தது என்று உடனே எழுது. அவளுக்கு அது முதல் சூளை. என் முதல் சூளையன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

உயரத்தை நேரில் அளந்துதான் நம்புவேன்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 12

அன்புள்ள அக்கா,

என்ன சொல்ல! மூடியைத் திறந்ததும் அறையே வாயடைத்துப் போனது. குண்டூசி கையால் வாயைப் பொத்திக்கொண்டான். ஏன்பாப்பா கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பொறுப்பாளர் மாமா ஓடிவந்து எட்டிப் பார்த்து, "இந்தப் பட்டறையில இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லப்பா" என்றார்.

நீ கவலையே படவேண்டாம். நீ ஒருத்தி இருந்தாய் என்பதே இங்கே மறந்துபோகும் அளவுக்கு வகுப்பு நடக்கிறது. வேண்டுமானால் வந்து என்னிடம் மாணவியாகச் சேர்ந்துகொள். உனக்குச் சலுகை உண்டு.

பெருமையுடன்,
தம்பி

ஜூன் 17

என் செல்லத் தம்பிக்கு,

படித்துவிட்டு அழுதேன். சிரிக்காதே.

ஒரு விஷயம். அம்மாவிடம் உளறிவிடாதே, நானே சொல்கிறேன். பயிற்சி முடிந்ததும் என்னை இங்கேயே நிரந்தரமாக இருந்துவிடச் சொல்கிறார்கள். பெரிய பட்டறை, ஆள் உயரச் சூளை. ஆனால் இங்கே பிள்ளைகள் கிடையாது, ஜன்னல் கண்ணாடி வேலைதான். நம் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்றுதான் இத்தனை நாள் இழுத்தடித்தேன். நான் இல்லாமலே இவ்வளவு அழகாக நடக்கிறதென்றால் அப்புறம் என்ன தயக்கம்? மாதக் கடைசியில் சரி என்று சொல்லிவிடப் போகிறேன்.

உன்னை என்னவோ என்று நினைத்திருந்தேன். ஆசிரியர்தான் போ!

முத்தங்களுடன்,
அக்கா

ஜூன் 21

அக்கா,

சரி என்று சொல்லிவிடாதே. முதலில் இதைப் படி.

விஷயத்தை உடைத்தே சொல்லிவிடுகிறேன், மற்றதையெல்லாம் ஏற்கெனவே உடைத்தாயிற்று. போன கடிதத்தில் சூளையைத் திறந்ததைப் பற்றி எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எதற்காக வாயைப் பொத்தினான், எதற்காக அழுதாள் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். சூளை ஆறவில்லை. "அண்ணா, ஒரே ஒரு தடவை காட்டுண்ணா" என்று எல்லாரும் மூடியைச் சுற்றி நின்றார்கள். நானும் பெரிய மந்திரவாதிபோலத் திறந்து காட்டினேன். குளிர்காற்று பட்டதும் டிக், டிக் என்று ஒவ்வொன்றாக விரிசல் விட்டது. ஆமை சரிபாதியாகப் பிளந்தது. "ஏன்?" என்று கேட்டாள். எனக்கு ஜோக்கே வரவில்லை, அக்கா.

குண்டூசிதான் சொன்னான்: "அக்கா இருந்தா ஸ்டூல்ல உட்கார்ந்திருப்பாங்க."

அந்த ஸ்டூலில் நீ கதை சொல்லிக்கொண்டு இருக்கும்வரை எங்களில் ஒருவருக்கும் மூடி ஞாபகமே வந்ததில்லை. எனக்கும்தான். அதை வேலை என்றே நான் நினைக்கவில்லை.

அங்கே ஜன்னல் கண்ணாடி வேலை உனக்குப் பிடித்திருந்தால் சேர்ந்துகொள். ஆனால் இங்கே நான் கிழிக்கிறேன் என்று நம்பிச் சேராதே. ஏன்பாப்பா ஆமையின் இரண்டு பாதியையும் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறாள். தினமும் கேட்கிறாள்: "அக்கா வந்தா சேர்த்துடுவாங்க இல்ல?" சேர்க்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அதையாவது எழுது.

குடத்தை இறக்கிவிட்டு ஸ்டூலைப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டேன். நேற்று நானே அதில் உட்கார்ந்து கதை சொன்னேன். பாதியில் கதை மறந்துபோய், பிள்ளைகள்தான் முடித்துவைத்தார்கள்.

இன்னொன்று. அந்த ஒரு விரல்கடை உயரமும் பொய். அந்த ஸ்டூலில் நீ உட்கார்ந்தால் உன் கால் தரையில் இருக்கும். எனக்கு எட்டவில்லை. தொங்குகிறது.

உன்,
தம்பி