உங்கள் பக்கம் வென்றுவிட்டது, மச்சான்

என் அன்பு மச்சான் றொபேட்,

நீ கண்மூடி இரண்டு குளிர்காலம் முடிந்துவிட்டது. ஆனால் இது அழுகைக் கடிதம் இல்லை. போன ஞாயிறு, லண்டன் மிச்சம் பகுதியில், ட்ராம் தரிப்புக்குப் பக்கத்து மைதானத்தில், நம் கூழ்ச்சட்டிக் கிண்ண ஆட்டம் திரும்பவும் நடந்தது. உங்கள் கல்லூரி வென்றுவிட்டது. கேட்கிறதா?

இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தக் கிண்ணத்தின் கதை தெரியாது. உங்கள் பழைய மாணவருக்கும் எங்கள் பழைய மாணவருக்கும் வருடத்துக்கு ஒரே ஒரு உதைபந்தாட்டம். வென்றவர்கள் தோற்றவர்களுக்குக் கூழ் பரிமாற வேண்டும். கிண்ணம் வாங்க யாருக்கும் நேரமில்லாமல் கூழ்ச்சட்டியையே தூக்கிக் கொடுத்தோம். நாலே வருடம்தான் நடந்தது. முதல் மூன்றிலும் நாங்கள் ஊற்ற, நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குடித்தீர்கள்.

அதைக் கொன்றவன் நான். நாலாவது வருடம், கடைசி நிமிடத்தில் உங்கள் ஜூட் கோல் போட்டான். பக்கத்துத் தெருவில் இருந்த என் வீட்டுக்கு ஓடிப்போய் எங்கள் கல்லூரி வகுப்புப் படத்தைக் கொண்டுவந்து காட்டினேன். ஊரில் போருக்குப் பயந்து இடம்பெயர்ந்த காலத்தில் ஜூட் ஒன்றரை வருடம் எங்களோடு படித்தவன், ஆகவே எங்கள் ஆள், கோல் செல்லாது என்று ஒற்றைக்காலில் நின்றேன். நீ சத்தம் போடவில்லை.

"இடம்பெயர்ந்து ரெண்டு பள்ளிக்கூடத்திலை படிக்காதவன் எங்களுக்குள்ளை ஆர் மச்சான்?" என்று மட்டும் கேட்டாய்.

ஆனாலும் கோலை ரத்துச் செய்ய வைத்தேன். அடுத்த வருடம் மைதானத்துக்கு யாரும் வரவில்லை. என் தங்கையைக் கட்டியவன் நீ. அதற்குப் பிறகும் வீட்டுக்கு வந்தாய், தேத்தண்ணி குடித்தாய், பந்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் என்னைத் தின்றது. நீ இருக்கும்போதே ஏன் நான் வாய் திறக்கவில்லை?

இந்த முறை இரண்டு பழைய மாணவர் சங்கக்காரரின் வாசலிலும் நானே போய் நின்றேன். தாயோ தகப்பனோ படித்த கல்லூரிக்காகப் பிள்ளைகளும் ஆடலாம் என்று முடிவானது. உன் மகள் மரியா உங்கள் பக்கம் இறங்கினாள். இரண்டுக்கு இரண்டு என்றிருந்தபோது, இடது காலால் ஒரு அடி. வலை குலுங்கியது.

உடனே எங்கள் செயலாளர் ஓடி வந்தார். பிள்ளையின் தாய் எங்கள் கல்லூரியில் படித்தவள், ஆகவே பிள்ளை எங்கள் ஆள், கோல் செல்லாது என்றார். என் வியாதி அவருக்கும் தொற்றியிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மரியாவும் பார்த்தாள்.

"அவள் றொபேட்டின்ரை பிள்ளை. கோல் கோல்தான்," என்றேன். "அண்டைக்கு ஜூட் அடிச்சதும் கோல்தான்."

மைதானமே அதிர்ந்தது. தலை நரைத்த ஜூட் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். தோற்ற பக்கத்தில் நின்ற எனக்குத்தான் அன்று எல்லோரையும்விடச் சந்தோஷம். செயலாளர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த கோடையிலும் இந்த ஆட்டம் நடக்கும். யார் எந்தப் பள்ளிக்கூடம் என்று இனி ஒருவனையும் கேட்கமாட்டேன். ஆனால் உங்களை அடித்து நொறுக்காமல் விடவும்மாட்டேன்.

உன் மச்சானும்,
மரியாவிடம் தோற்றுப்போன மாமனுமாகிய
அன்ரன்