வாடகைக்கென்றாலும் அந்த வீடு

அண்ணை,

இன்று குளிர்காலச் சக்கரங்களை எடுக்கக் கராஜுக்குள் போனேன். திருகாணிகள் போட்டுவைத்த டப்பாவுக்குள் உங்கள் பெயர்த்தகடு கிடந்தது. மேலே கணவனாக உங்கள் பெயர், கீழே மனைவியாக அக்காவின் பெயர். ரண்டர்ஸ் நகரத்து வீட்டின் தபால்பெட்டியில் அத்தனை வருடம் இருந்ததை, வீடு ஏலத்தில் விற்கப்பட்ட கிழமை நான்தான் கழற்றினேன். புது இடத்தில் பூட்டித் தருகிறேன் என்று சொல்லி எடுத்துவந்தேன். அங்கே எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாதிரிக் கடதாசித் துண்டுதான் செருகலாமாம்.

இறைச்சித் தொழிற்சாலை உங்கள் முதுகைத் தின்றது. பிறகு வேலை போனது, வீட்டுக்கடன் தவணை பிந்தியது. அதற்கெல்லாம் நீங்கள் பயந்ததில்லை. அக்காவுக்கு மறதி வந்திருந்ததுதான் பயம். பிள்ளைகளின் பெயரையே மாற்றிச் சொன்னவர், அந்த வீட்டுக்குள் மட்டும் தடுமாறாமல் நடந்தார். தேயிலைப் போத்தல் எந்தத் தட்டில் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. வேறு வீட்டுக்குப் போனால் மனுசி தொலைந்துபோவார் என்று என்னிடம் எத்தனை தரம் சொன்னீர்கள்.

அந்த நேரம்தான் அயர்லாந்திலிருந்து உங்கள் தங்கச்சி போன் எடுத்தார். அங்கே தவணை கட்டமுடியாதவர்களின் வீட்டை, அரசாங்கத் திட்டத்தின் கீழ் ஒரு வீட்டுச் சங்கம் வாங்கி, அவர்களையே வாடகைக்கு இருத்துமாம். அவரும் அப்படித்தான் அதே வீட்டில் இருக்கிறாராம். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் நீங்கள் சிரித்ததைப் பார்த்தேன். "சொந்தம் போனால் போகட்டும் தம்பி. வாடகைக்காரன் எண்டாலும் பெட்டியிலை என்ரை பேர்தானே இருக்கும்" என்றீர்கள்.

இங்கேயும் அப்படி உண்டா என்று கேட்கக் கொம்யூனுக்கு, அதுதான் நகரசபைக்கு, என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். நம் சனத்துக்குள் யாருக்கு என்ன கடிதம் வந்தாலும் மொழிபெயர்க்க நான்தான். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, பொய் சொல்வானேன். அங்கிருந்த அலுவலர் ஓர் இளம் பெண், நல்ல பிள்ளை. டென்மார்க்கில் அப்படி ஒரு திட்டம் இல்லை என்று இரண்டு தரம் சொன்னாள். ஆனால் உங்கள் தெருவிலேயே, நிலத்தளத்தில் ஒரு வாடகை வீடு காலியாகிறது, இரண்டு கிழமைக்குள் சம்மதித்தால் தரலாம் என்றாள். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"என்னவாம் தம்பி?"

எனக்கு வாய் வரவில்லை, அண்ணை. பெண் கேட்டு வந்தவர்களுக்கே நேரே 'இல்லை' சொல்லாத சனம் நாங்கள். 'பார்ப்பம்' என்போம், கேட்டவர் தானாக விளங்கிக்கொண்டு போவார். "பார்ப்பம் எண்டு சொல்லுறா" என்றேன். மற்ற வீட்டைப் பற்றியும் சொன்னேன், ஏதோ சும்மா ஒரு தகவல் போல. அது தேவையில்லை என்றீர்கள். அதை மட்டும் ஒரு சொல் பிசகாமல் டேனிஷில் சொல்லிவிட்டேன்.

பிறகு கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுப்பீர்கள், கொம்யூனிலிருந்து ஏதும் வந்ததா என்று. இன்னும் இல்லை என்பேன். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தரமும் நினைப்பேன். அப்படியே ஏல நாளும் வந்தது. கிடைத்தது நகரத்தின் மறுகரையில் மூன்றாம் மாடி. அங்கே அக்கா விடிந்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்பார், வீட்டுக்குப் போகலாம் என்று. குளியலறைக் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போகப் பயந்து அழுவார். நீங்கள் கையைப் பிடித்துக் கூட்டிப்போவீர்கள். அதையெல்லாம் பார்த்துக்கொண்டும் நான் வாய் திறக்கவில்லை. கோழை, வேறென்ன.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் உண்மையைச் சொன்னேன். நீங்கள் யன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னீர்கள்.

"அந்தப் பிள்ளை இல்லை எண்டது எனக்கும் விளங்கினதடா. இவ்வளவு காலம் இஞ்சை வேலை செய்தனான். நீ சொன்னது கேக்க நல்லா இருந்தது. அதைப் பிடிச்சுக்கொண்டன்."

ஏசியிருக்கலாமே, அண்ணை. ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

அக்கா இப்போது பராமரிப்பு இல்லத்தில். டேனிஷ் முழுதும் மறந்துவிட்டது. அங்கே தமிழ் கதைக்க யாருமில்லை. ஞாயிறுகளில் நான் போவேன். இன்று தகட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் அவர் மடியில் வைத்தேன். வெகுநேரம் எழுத்துகளைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிக் கோட்டை எடுத்தார்.

"வீட்டை போவமே தம்பி?"

அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள். அதைச் சொல்ல வேண்டும், நீங்களும் இல்லை என்று சொல்ல வேண்டும், இனியாவது ஒருவரிடம் உண்மை பேச வேண்டும் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன்.

"பார்ப்பம் அக்கா" என்றேன்.

அவர் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, தகட்டைக் கையில் பிடித்தபடி கதவடிக் கதிரையில் போய் இருந்தார். நான் வெளிக்கிடும்போதும் அங்கேதான் இருந்தார்.