சமதரையில் நிற்கும் லாரி

நிலேஷ் அப்பாவுக்கு,

நான் பஸ் பிடிச்சு பா டவுனுக்குப் போறேன். பருப்பும் கத்திரிக்காயும் அடுப்பு மேல இருக்கு. ரொட்டியைத் துணியில சுத்தி வெச்சிருக்கேன். பக்கத்து கிராமத்து ஜோசேவா சாயங்காலம் வருவார், அவருக்கு நாலு எடுத்து வெச்சுட்டு சாப்பிடுங்க.

உருட்டி ஸ்டார்ட் பண்ண நிறுத்துவீங்களே, அந்தச் சரிவுல லாரியைத் தேடாதீங்க. நம்ம வாசல்ல, சமதரையில நிக்குது. நீங்க லவுட்டோகா போன அன்னைக்கே ஜோசேவாவை வெச்சு புது ஸ்டார்ட்டர் மோட்டார் போட்டாச்சு. அவர் அடியில படுத்து போல்ட்டைக் கழட்டினார், நான் பழசைத் தாங்கிப் பிடிச்சேன். ஆட்டுக்குட்டி கனம் இருந்துச்சு, பல்லெல்லாம் தேஞ்சு கிடந்துச்சு. அதைத்தான் இத்தனை வருஷமா இன்னும் ஓடும் இன்னும் ஓடும்னு சொன்னீங்க.

நம்ம பிஜியில பட்டாளம் ஆட்சியைப் பிடிச்சதிலிருந்து ஒவ்வொரு வீடா சிட்னிக்கும் கனடாவுக்கும் போயாச்சு, காலையில லாரி தள்ளக்கூட ஆளில்ல, நாமளும் ஆக்லாந்துல பையனோடயே இருந்துடலாம்னு சண்டை போட்டீங்களே. சாவி ஆணியில தொங்குது, திருப்பிப் பாருங்க. இனிமே நீங்க ஒரு ஆளே போதும்.

வேற காரணம் இருந்தா இந்தச் சீட்டுக்குப் பின்னாடி எழுதி வைங்க. அதையும் ரிப்பேர் பண்ணிப் பார்க்கலாம்.

பாக்கியம்

டவுனுக்கு எதுக்குன்னு சொல்லலையே. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கத்தான். ஆக்லாந்து போய்ப் பேத்தியை ஒரு மாசம் மடியில வெச்சுக்கிட்டு, கரும்பு வெட்டுக்குள்ள திரும்பிடணும். அதுவரைக்கும் பேட்டரி செத்துப் போகாம வாராவாரம் வந்து லாரியை ஸ்டார்ட் பண்ணி வெக்கறேன்னு ஜோசேவா சொல்லிட்டார்.