திறந்தே கிடந்த பக்கம்

அன்புள்ள வாப்பாவுக்கு,

ஸலாம். நான் கத்தாரில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போன் கோலில் சொன்னால் உம்மாவுக்குக் கேட்டுவிடும் என்பதால் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

வேலை நேரத்தில் யார் எவ்வளவு நேரம் இணையம் பார்க்கிறார்கள் என்று கணக்கிடும்படி மனேஜர் என்னிடம் சொன்னார். ஒரு பக்கம் திறந்திருக்கும் நேரம் முழுவதும் பார்த்த நேரம்தான் என்று நானே விதி வைத்தேன். பட்டியலில் முதலாவதாக என் பெயரே வந்தது. நாளுக்கு ஆறு மணி நேரம்!

நான் திறந்து வைத்திருந்தது நம் கற்பிட்டிக் கடலின் காற்றைக் காட்டும் பக்கம். நீங்கள் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும் நாட்களில், வேலை முடிந்து உம்மாவிடம் பேசி, நீங்கள் கரைக்கு வந்ததை அறியும்வரை அதை மூடுவதில்லை.

பட்டியலில் முதலாவது ஆளை வேலையிலிருந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பப்போகிறார்களாம். என் பெயரை அழித்தால் அந்த இடத்துக்கு வருவது என்னோடு வேலை செய்யும் நம் பாலாவி ஊர் மிஹ்லார். “என்ட பேரு எத்தனாவது மச்சான்?” என்று காலையிலிருந்து கேட்கிறான். அழிக்க மாட்டேன். விதி பிழை என்று எழுதி, நாளை பட்டியலை அப்படியே கொடுப்பேன்.

ஒரேயொரு உதவி, வாப்பா. கரைக்கு வந்ததும் ஒரு மிஸ்ட் கோல் கொடுங்கள். எடுக்க மாட்டேன். பக்கத்தை மூடிவிடுவேன்.

மகன்,
ஹஸ்மி